கல்லூரி நூலகத்தில் எதைக் கழிப்பது, எதை விட்டுவைப்பது: சேலம் வட்டார நூலகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலத்தைச் சுற்றியுள்ள கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்றைய நிலைமை ஒன்றுதான். ரேக் நிரம்பிவிட்டது, ரேக்குக்கு மேலே அட்டைப்பெட்டி ஏறிவிட்டது, ஜன்னல் ஓரத்திலும் கட்டுக்கட்டாகப் புத்தகம். புதிய நூல் வாங்கப் பணம் வருகிறது, வைக்க இடமில்லை. கூடுதல் அறை கேட்டுப் போனால், "இருக்கிறதுல யாருமே தொடாதது எவ்வளவு சார்?" என்று நிர்வாகம் கேட்கும். அதற்குக் கையில் கணக்கோடு பதில் சொல்ல வேண்டுமானால், கழிவு செய்வதற்கு, அதாவது தேவையற்ற நூல்களை இருப்பிலிருந்து முறைப்படி நீக்குவதற்கு, ஒரு முறை வேண்டும்.

கழிப்பதென்றால் பாவம் செய்வதுபோல் பலருக்குத் தோன்றுகிறது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்பதைக் காட்டி எதையும் எடுக்கக் கூடாது என்பார்கள். அதே ஐந்தில்தான் 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதும், 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்பதும் இருக்கின்றன. ஒன்பது பழைய பதிப்புக்கு நடுவில் ஒரே ஒரு புதிய பதிப்பை வைத்து, மாணவரைத் தேடவிட்டால் எந்த விதியைக் காப்பாற்றினோம்?

இந்த வழிகாட்டி முழுக்க நான் பிடித்துக்கொண்டு போகும் கயிறு ஒன்றுதான்: பிரதிகளைக் கழிக்கத் தயங்க வேண்டாம்; ஒரு நூலின் கடைசிப் பிரதியைக் கழிக்க நிறையத் தயங்குங்கள். நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். பத்துப் பிரதி உள்ள பாடநூலை அப்படியே விட்டுவிட்டு, அட்டை கிழிந்து தனியாகக் கிடக்கும் அபூர்வ நூலைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுகிறோம்.

புத்தகம் யாருடையது என்று பாருங்கள்

ரேக்குக்குப் போகுமுன் அலுவலகத்துக்குப் போங்கள். அக்சஷன் பதிவேட்டில் (நூல்களை வந்த வரிசையில் எண்ணிட்டுப் பதியும் இருப்பேடு) ஒவ்வொரு நூலுக்கும் எந்த நிதியில் வாங்கியது என்ற குறிப்பு இருக்கும். கல்லூரியின் சொந்த நிதி என்றால் ஆட்சிக்குழுவின் தீர்மானத்தோடு முடிந்துவிடலாம். மானியத்தில் வாங்கியது என்றால், மானியம் கொடுத்தவரின் முன் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை அப்புறப்படுத்தக் கூடாது என்பது பொது விதி. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான புத்தக வங்கி நூல்களுக்குத் தனிக் கணக்கு. அவற்றைப் பொது நூல்களோடு ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். அறக்கட்டளை அல்லது குடும்பம் நன்கொடையாகக் கொடுத்த நூல்களுக்கு, கொடுத்தபோது எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் துறையின் உத்தரவு எது நடப்பில் இருக்கிறது என்பதைக் கண்காணிப்பாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இன்னொன்று. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, நூலக இருப்புச் சரிபார்ப்பைப் பற்றிப் பேசுகிறது. 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, 20,000க்கு மேல் 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சரிபார்ப்பு, 50,000க்கு மேல் போனால் குறிப்பிட்ட இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு. ஓர் ஆண்டில் இரவல் கொடுத்த, எடுத்துப் படித்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து காணாமல் போனால், அதில் கவனக்குறைவோ நேர்மைக்கேடோ இல்லாதபட்சத்தில், நியாயமான இழப்பாக ஏற்கலாம். ஆனால் 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. மற்றவர்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆயிரத்துக்கு ஐந்து என்பது காணாமல் போனதற்கான சலுகை. கழிவுக்கு அதைக் காட்ட முடியாது. காணாமல் போன நூல் பட்டியல் வேறு, கண்ணெதிரே இருந்து நாம் நீக்கும் நூல் பட்டியல் வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டால், தணிக்கையில் வருகிறவர் இரண்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இருப்புச் சரிபார்ப்பு முடிந்த கையோடு கழிவைத் தொடங்குவது நல்லது. நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீடு வரவிருக்கும் வருடத்தில் தொடங்கவே வேண்டாம், அதற்கான அறிக்கையில் நூலகத்தைப் பற்றி நீங்கள் கொடுத்த எண்ணிக்கையும் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்தால், கழித்த பிறகும் தலைப்பும் தொகுதியும் அனுமதி விதிகளின் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகவில்லையா என்று முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். மாதம் என்றால் மே. செமஸ்டர் தேர்வு முடிந்து, பெரும்பாலான புத்தகங்கள் திரும்பி வந்து, கூடமும் காலியாக இருக்கும்.

எண்களை எடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

கோஹாவோ சோலோ, எந்த நூலக மென்பொருளாக இருந்தாலும் 'பத்து ஆண்டுகளாக இரவல் போகாதவை' என்று ஒரு அறிக்கை எடுக்கலாம். பட்டியல் நீளமாக வரும், பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1979இல் வெளிவந்த ஆய்வு, அங்கே 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று காட்டியது. நம்மூர் மட்டும் விதிவிலக்காக இருக்கக் காரணமில்லை.

ஆனால் அந்த அறிக்கையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, மென்பொருள் வந்த நாளுக்கு முந்தைய இரவல் எதுவும் அதில் இராது; அதற்குப் பின்னட்டையில் ஒட்டிய தேதிச்சீட்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு, நூலகத்துக்குள்ளேயே எடுத்துப் படித்து மேஜையில் வைத்துவிட்டுப் போகும் நூல்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு நூலை நாள்தோறும் எடுப்பார்கள், கணினியில் அது பூஜ்யமாகவே நிற்கும்.

இதற்கு மலிவான வழி உண்டு. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வட்ட ஸ்டிக்கர் வாங்குங்கள். மேஜையிலிருந்து எடுத்து மீண்டும் ரேக்கில் வைக்கும்போதும், இரவல் முடிந்து திரும்ப வைக்கும்போதும் முதுகில் ஒரு ஸ்டிக்கர். முழுக் கல்வியாண்டு ஒன்று இதைச் செய்தால், வருட முடிவில் ரேக்குக்கு முன் நின்று பார்த்தாலே எது வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அறிக்கை தயாரிக்க ஆளில்லாத சிறிய கல்லூரிகளுக்கு இதைவிட எளிதான முறை எனக்குத் தெரியவில்லை. உதவியாளருக்கு ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ரேக் துடைக்க எடுத்த நூலுக்கு ஸ்டிக்கர் கிடையாது.

பாடத்துக்குப் பாடம் வயது வேறு

'பத்து வருடத்துக்கு முந்தையது எல்லாம் வெளியே' என்று ஒற்றை விதி போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே துறைக்குள்ளேயே இரண்டு வயது இருக்கும்.

கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷுவல் பேசிக் 6க்கு மைக்ரோசாஃப்ட் 2008இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதைப் பற்றிய எட்டுப் பிரதியை வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை. ஃபாக்ஸ்புரோ, விண்டோஸ் 98 கையேடுகளும் அப்படியே. ஆனால் பக்கத்திலேயே நிற்கும் அல்காரிதம், தரவு அமைப்பு, கம்பைலர் கோட்பாடு நூல்கள் அதே வருடத்தில் வாங்கியவையாக இருந்தாலும் இன்றும் பாடம் நடத்தப் போதும். கருவியைப் பற்றிய நூல் சீக்கிரம் கெடும், கருத்தைப் பற்றிய நூல் நிற்கும்.

வணிகவியலும் சட்டமும் தேதி வைத்துச் சாகிற பாடங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும், சேவை வரியும் வாட் வரியும் கற்பித்த மறைமுக வரிப் பாடநூல்கள் ஒரே நாளில் பழசாயின. நிறுவனச் சட்டம் 1956க்குப் பதில் 2013. வருமான வரிச் சட்டம் 1961க்குப் பதில் 2025ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. இவற்றில் எல்லாப் பிரதிகளையும் எடுத்து, வரலாற்றுக்கென ஒன்றை மட்டும் உள் ரேக்கில் வைத்தால் போதும். இந்திய தண்டனைச் சட்டத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய குற்றங்களுக்கான வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடக்கின்றன. கலைக்கல்லூரியின் போட்டித் தேர்வுப் பகுதியில் இருந்து எடுத்துவிடலாம். சட்டக் கல்லூரி கை வைக்கக் கூடாது.

பொருளாதாரத்தில் திட்டக்குழுவை இன்னும் உயிரோடு வைத்திருக்கும் பாடநூல்களைப் பாருங்கள். 2015 ஜனவரி 1 முதல் நிதி ஆயோக். போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கு இரக்கமே வேண்டாம். பழைய நடப்பு நிகழ்வுத் தொகுப்பை நம்பி ஒரு பெண் தேர்வெழுதிவிட்டு வந்தால் அந்தப் பழி நம் மேல்தான்.

கணிதம், இலக்கியம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றுக்கு வயது ஒரு காரணமே இல்லை. நிலவியலும் அப்படித்தான், சேலத்தில் இன்னும் கூடுதலாக. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைகள், அங்குள்ள பாக்சைட், சேலம் மாக்னசைட் சுரங்கம் பற்றிய பழைய அறிக்கைகளை ஆய்வு மாணவர்கள் இன்றும் தேடி வருகிறார்கள். பாறை மாறாது. வெட்டி எடுத்த இடம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பது அந்த அறிக்கையில் மட்டும்தான் இருக்கும்.

அப்புறம், பாடத்திட்டம். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியதும் பழைய பாடநூலை மொத்தமாக எடுக்கத் தோன்றும். அரியர் வைத்திருக்கும் மாணவர் பழைய பாடத்திட்டத்தில்தான் எழுதுவார். அந்தத் தாளுக்குத் தேர்வு நடத்தும் கடைசி முறை எது என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, அதுவரை இரண்டு மூன்று பிரதிகளை விட்டுவையுங்கள்.

ஒரு நூலைக் கையில் எடுத்தால்

பட்டியலோடு உட்கார்ந்து முடிவெடுப்பது பாதி வேலை. மீதி ரேக்கின் முன் நின்று செய்வது. நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் பின்னட்டையைத் திறந்து தேதிச்சீட்டு. கடைசி முத்திரை எப்போது என்பதோடு, முத்திரைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்றும் பாருங்கள். இரண்டு வருடம் நெருக்கமாக விழுந்து அப்புறம் சுத்தமாக நின்றிருந்தால் அது பாடத்திட்டத்தோடு போன நூல். ஆறேழு வருட இடைவெளியில் ஒவ்வொன்றாக விழுந்திருந்தால், யாரோ ஒரு வகையான வாசகர் அதைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார், அதை விட்டுவையுங்கள். பிறகு தலைப்புப் பக்கமும் அதன் பின்புறமும்: எந்தப் பதிப்பு, எந்த வருடம், எங்கே அச்சானது. அடுத்துத் தாள். உள்பக்கம் ஒன்றின் மூலையை முன்னும் பின்னும் இரண்டு முறை மெல்ல மடித்துப் பார்த்தால், முறிந்து கையோடு வருகிற தாள் இனி இரவலுக்குத் தாங்காது. முறிகிறது என்பதற்காகக் கழிக்க வேண்டியதில்லை. வேறு எங்கும் இல்லாத நூலாக இருந்தால் அதை ஸ்கேன் செய்யும் வரிசையில் வையுங்கள்.

தமிழ் நூல்களில் இன்னொன்று பாருங்கள். லை, னை, ணை ஆகியவை துதிக்கை வளைவோடும், றா, னா போன்றவை பழைய வடிவிலும் அச்சாகியிருந்தால், பெரும்பாலும் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. சில அச்சகங்கள் அப்புறமும் பழைய அச்சையே வைத்து ஓட்டின, ஆகவே வருடத்தைத் தலைப்புப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட நூலை அங்கேயே முடிவு செய்யாமல் தனி மேஜையில் வைத்துவிடுங்கள். அதில் பாதி மீண்டும் ரேக்குக்கே போகும் என்றாலும் பரவாயில்லை.

கடைசியாக முதுகும் தையலும். இங்கே சமவெளிக்கும் மலைக்கும் வேறுபாடு உண்டு. சேலம் நகரில், மேல்மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் நூல்கள் வெயிலில் காய்ந்து பசை உதிர்ந்து ஏடேடாகக் கழன்று வரும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சிக்கல் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலே தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். மலைமேல் உள்ள நிறுவனங்கள் மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. பூஞ்சை பிடித்த நூலை முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, அங்கேயே பாலிதீன் உறையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். கூடத்துக்குள் வைத்துத் தட்டினால் பக்கத்து ரேக்குக்கும் பரவும். அப்படிப்பட்ட நூல் சாதாரணப் பாடநூல் என்றால், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று யோசிக்காமல் கழித்து, அதே நூலைப் புதிதாக வாங்குங்கள்.

தொடக் கூடாதவை

சில வகை நூல்களைத் தொடங்கும்போதே சிவப்பு நாடா கட்டி ஒதுக்கிவிட வேண்டும். கல்லூரி மலர்கள், ஆண்டறிக்கைகள், நாட்காட்டிக் கையேடுகள்: உங்கள் கல்லூரியின் வரலாறு வேறெந்த நூலகத்திலும் இராது. எம்.பில். ஆய்வேடுகளும் அதேபோல. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது, எம்.பில். ஆய்வேட்டுக்குத் துறையில் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி என்பதோடு சரி. படிப்பே நிறுத்தப்பட்ட பிறகு 'இது எதுக்கு' என்று தூக்கிப்போடுவதைப் பார்க்கிறேன். சேலத்துக் கைத்தறி, ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை பற்றிக் களத்தில் போய்க் கேட்டு எழுதியவை அவற்றில் இருக்கின்றன. நடை சுமாராக இருக்கும், தகவலுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

சேலம் மாவட்டத்தைப் பற்றிய எதுவும் இந்தக் கணக்கில்தான். 1883இல் வந்த மாவட்ட மானுவல், 1918இல் வந்த மாவட்ட கெசட்டியர் ஆகியவற்றின் அந்தக்கால அச்சு கையில் இருந்தால் பூட்டிய அலமாரிக்கு மாற்றுங்கள். மேட்டூர் அணை அறிக்கைகள், மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள், கூட்டுறவு சங்க வெள்ளிவிழா மலர்கள், உள்ளூர் அச்சகத்தில் அச்சான தலபுராணங்கள் என்று மெலிதாக, முதுகில் எழுத்தே இல்லாமல் இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவில் செருகிக் கிடப்பவைதான் அதிகம் தொலைகின்றன. ரேக்கின் பின்பக்கம் விழுந்ததையும் குனிந்து பாருங்கள்.

வேறு எங்கே கிடைக்கும்?

கடைசிப் பிரதி என்றால் மட்டும் இந்தப் படி. முதலில் பக்கத்துக் கல்லூரி நூலகர்களிடம் கேளுங்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் மாலைக்குள் பதில் வந்துவிடும். அப்புறம் இன்ஃப்ளிப்நெட்டின் இண்ட்கேட், அதாவது பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டு இணையப் பட்டியல். தமிழ் நூல் என்றால் சென்னையின் கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் பல மின்வடிவில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் உங்களிடம் இருப்பது முதல் பதிப்பா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"என்-லிஸ்டில் மின்னூல் இருக்கே, அச்சு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரிகளுக்கு மின்னூலும் மின்னிதழும் தரும் என்-லிஸ்ட் நல்ல திட்டம், நானும் மாணவர்களுக்குக் கடவுச்சொல் எடுத்துக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அது சந்தா. ஒரு வருடம் கட்டாவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். 2025இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா அரசு நிறுவனங்களுக்கானது, தருவது ஆய்விதழ்கள்; பாடநூலுக்கு அது மாற்றில்லை. ஆகவே வாடகைக்கு வரும் மின்னூலைக் காட்டிக் கூடுதல் பிரதிகளைக் குறைக்கலாம், கடைசிப் பிரதியைக் கழிக்கக் கூடாது.

பட்டியலும் பேராசிரியர்களும்

பட்டியலில் இவை இருந்தால் போதும்: அக்சஷன் எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, வருடம், பதிவேட்டு விலை, கடைசியாக இரவல் போன தேதி, கழித்த பின் மிஞ்சும் பிரதிகள், காரணம், என்ன செய்யப் போகிறோம். 'மிஞ்சும் பிரதிகள்' என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதில் பூஜ்யம் உள்ள வரிகளை மட்டும் தனித்தாளில் எடுத்துத் துறைத்தலைவர் கையெழுத்துக்கு அனுப்புங்கள். மற்றதை யாரும் வரிக்கு வரி படிக்க மாட்டார்கள், இதைப் படிப்பார்கள்.

நூல்களைத் துறைவாரியாக மேஜையில் அடுக்கி ஒரு மாதம் வைத்து, சுற்றறிக்கை விடுங்கள். "சார், இது நான் எம்.எஸ்சி. படிச்சப்ப வச்சிருந்த புக்கு, இதையா எடுக்கிறீங்க?" என்று நிச்சயம் ஒருவர் வருவார். வாதம் செய்யாதீர்கள். வேண்டும் என்பவர் எந்தத் தாளுக்கு, எந்த வகுப்புக்கு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நூல் திரும்ப ரேக்குக்குப் போகும் என்று ஒரு விதி வைத்துவிட்டால் போதும். உண்மையாகத் தேவைப்படுகிறவர் எழுதிவிடுவார். 'துறை நூலகத்துக்கு மாற்றிவிடுங்கள்' என்ற சமரசத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்; அது கழிவல்ல, அதே நூல் வேறு பீரோவில் பூட்டிக் கிடக்கும், கணக்கு நம் தலையிலேயே நிற்கும்.

நூலகக் குழுவின் தீர்மானம், முதல்வரின் ஒப்புதல், தேவைப்பட்டால் துறை அனுமதி எல்லாம் வந்த பிறகு மொத்த மதிப்பைக் கூட்டுங்கள். பதிவேட்டில் உள்ள அன்றைய விலைதான் கணக்கு. 1980களில் வாங்கிய நூல்கள் பதினெட்டு ரூபாய், இருபத்திரண்டு ரூபாய் என்று நிற்கும். இத்தனை ரேக்குக்கு இவ்வளவுதானா என்று நிதிக்குழுவுக்கே ஆச்சரியமாக இருக்கும். கழிவைப் பற்றிய பயம் அங்கேயே பாதி குறையும்.

பதிவேடு, முத்திரை, வண்டி

அக்சஷன் பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் 'கழிவு', தீர்மான எண், தேதி, சுருக்கொப்பம். வரியை அடிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. அந்த எண்ணை வேறு நூலுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மென்பொருளில் பதிவை அழித்துவிடாமல் 'நீக்கப்பட்டது' என்று நிலையை மாற்றுங்கள். மாணவர் தேடும் பக்கத்தில் தெரியாது, நமக்கு வரலாறு இருக்கும்.

நூலில் கல்லூரி முத்திரை உள்ள ஒவ்வொரு பக்கத்திலும், தலைப்புப் பக்கம், ரகசியப் பக்கம் (அடையாளத்துக்காக நூலகம் முத்திரையிடும் குறிப்பிட்ட உள்பக்கம்), கடைசிப் பக்கம் என்று, மேலேயே 'கழிவு செய்யப்பட்டது' முத்திரை விழ வேண்டும். பார்கோடைக் கறுப்பு மார்க்கரால் அடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் அந்த நூல் பழைய புத்தகக் கடையில் தென்பட, யாரோ நல்ல மனிதர் விலை கொடுத்து வாங்கி உங்களிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திருட்டுப் போயிற்றா என்று கேட்பார்.

எங்கே அனுப்புவது? நல்ல நிலையில் உள்ள கூடுதல் பிரதிகளை வேறு கல்லூரிக்கோ, அரசுப் பள்ளிக்கோ, தேவைப்படும் மாணவர்களுக்கோ ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். காலாவதியான நூலை மலைக்கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நன்கொடை என்று படம் எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். நம் பிள்ளைகளுக்குத் தவறான தகவல் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கும் தவறுதான். அவை கூழாலைக்குத்தான் போக வேண்டும். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, எடை போட்ட ரசீதோடு பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டி, செலானைக் கோப்பில் சேருங்கள். வண்டியை இரவில் பின்வாசலில் ஏற்றாதீர்கள். பகலில், பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு ஏற்றுங்கள். மறைத்துச் செய்வதுதான் வதந்தியாகும்.

காலியான இடத்தை உடனே நிரப்பிவிடாதீர்கள். மூன்றடித் தட்டில் சாதாரணப் பருமனுள்ள நூல் முப்பது வரை பிடிக்கும்; இருபத்துநாலோடு நிறுத்தினால் அடுத்த இரண்டு மூன்று வருடம் நூல்களை ரேக் மாற்றி நகர்த்தும் வேலை இராது. ரேக் முனையில் உள்ள எண் அட்டைகளைப் புதிதாக எழுதி ஒட்டுங்கள். அந்த ஆண்டின் நூலக அறிக்கையில் வாங்கியது எத்தனை, கழித்தது எத்தனை, நிகர இருப்பு எத்தனை என்று மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டிவிட்டால், அடுத்த சரிபார்ப்பில் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்ற கேள்விக்குக் கோப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.